கணக்கீட்டுத் துறைக் கலாநிதிப்பட்ட ஆய்வும் இணையவழி மூலங்களும்: படுவான்கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

'கணக்கு' என்னும் சொல் தமிழில் எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. எழுத்து வரிசையை நெடுங்கணக்கு என்றும், நூற்றொகுதியொன்றைக் கீழ்க்கணக்கு என்றும், எழுத்தறிவித்தவனைக் கணக்காயன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். சங்கப் புலவர் நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் என்றே அறியப்படுகிறார். ஊரின் விளைச்சலையும் இறையையும் ஏட்டிற் பதிந்தவன் கணக்கன் எனப்பட்டான். எழுத்தறிவும் பொருட்கணிப்பும் ஒரு சிறு பிரிவினரின் கையில் அடங்கியிருந்த சமூக அமைப்பின் சுவடு இச்சொல்லிற் படிந்துள்ளது எனலாம். ஆதலின், இலக்கிய ஆய்வாளன் ஒருவன் கணக்கீட்டுத் துறையின் உயராய்வு பற்றி எழுத முற்படுவது பொருத்தமற்றதன்று. அறிவு யாரிடம் இருக்கிறது, அது எவ்வழியாகப் பிறரைச் சென்றடைகிறது என்ற வினா இரு துறைகளுக்கும் பொதுவானது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அதன் மையமாக விளங்கும் கொக்கட்டிச்சோலையிலும் அயலூர்களிலும் உயர்தர வகுப்பில் வணிகப் பிரிவிற் பயின்று, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பிறவற்றிலோ வணிகப் பட்டமோ முகாமைத்துவப் பட்டமோ பெற்றுக் கலாநிதிப்பட்ட ஆய்வை எண்ணிப் பார்க்கும் இளைஞருக்கு இன்று திறந்திருக்கும் வழிகள் எவை? அவற்றுள் இணையத்தின் பங்கு யாது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள். மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, வாவியைக் கடக்க அவ்வூரார் 'பாதை' எனப்பட்ட மிதவையையே நம்பியிருந்தனர். இன்று பாலமும் உண்டு. கைத்தொலைபேசியில் இணையமும் உண்டு. ஆயினும் வழி திறந்தமையால் மட்டும் அக்கரையிலுள்ள நூல்கள் இக்கரை மாணவரின் கைக்கு வந்துவிடுவதில்லை.

இணையவழி மூலங்கள் அறிவைப் பொதுமையாக்கிவிட்டன என்று பரவலாகக் கூறப்படுகிறது. இக்கூற்றில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையில்லை. அம்மூலங்களுக்கு உடைமையாளர் உளர். எது ஆய்வு, எது ஆய்வுக்குத் தகுந்த பொருள் என்று வரையறுக்கும் அதிகாரத்தையும் அவை தம்முடன் கொண்டு வருகின்றன. எனவே அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் அவற்றின் உடைமை உறவையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

1. ஆய்வை நாடுவோருக்குரிய மூலங்கள்

முதற்கண், கலாநிதிப்பட்ட நெறிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதை மனங்கொள்ள வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் கணக்கீட்டுத் துறைக் கலாநிதி நெறி பொதுவாக நான்கு அல்லது ஐந்தாண்டுகள் நடைபெறும். முதலிரு ஆண்டுகளிற் பொருளியலும் புள்ளிவிபரவியலும் பாடங்களாகக் கற்பிக்கப்படும். தெரிவு செய்யப்பட்டோருக்குப் பெரும்பாலும் கட்டணம் விலக்கப்பட்டு, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் வழங்கப்படும். ஜீமற், ஜீ.ஆர்.ஈ. போன்ற பரீட்சைப் புள்ளிகளைப் பல்கலைக்கழகங்கள் பல கோருகின்றன. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் மரபு வேறு. ஆங்கு மாணவர் தாமே ஆய்வு முன்மொழிவொன்றைத் தயாரித்து, அதற்கிசைந்த மேற்பார்வையாளரை நாட வேண்டும். புலமைப்பரிசில்கள் குறைவு, போட்டி மிகுதி. இவ்வேறுபாட்டை அறியாது விண்ணப்பித்து ஏமாற்றமடைவோர் பலர். அவர்தம் தோல்விக்கு அறிவுக் குறைவைக் காட்டிலும் தகவற் குறைவே காரணமாகும்.

இத்தகவல்கள் இப்போது இணையத்திற் பொதுவில் உள்ளன. ஒவ்வொரு கணக்கீட்டுத் துறையும் தன் விரிவுரையாளரின் பெயர், ஆய்வுப் புலம், வெளியீடுகள் என்பவற்றைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. 1916 இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கணக்கீட்டுச் சங்கமும், 1977 இல் உருவான ஐரோப்பியக் கணக்கீட்டுச் சங்கமும் ஆய்வு மாணவருக்கான கருத்தரங்குகள் பற்றிய அறிவித்தல்களைத் தருகின்றன. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் பேணிவரும் தரவரிசை, தெரிந்தெடுக்கப்பட்ட சஞ்சிகைகளில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தாரும் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணி, கணக்காய்வு, நிதிக் கணக்கீடு, முகாமைக் கணக்கீடு, வரி எனப் பொருள்வாரியாகவும் ஆய்வு முறைவாரியாகவும் வகுத்துக் காட்டுகிறது. முகாமைக் கணக்கீட்டை ஆராய விரும்பும் மாணவர், அத்துறையிற் செயலூக்கத்துடன் ஆராய்வோர் எங்குள்ளனர் என்பதை ஒரு மாலைப் பொழுதில் இதன்வழி அறியலாம். இது மெய்யான பயன். இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

அதேவேளை, எண்ணப்படுவது எது என்பதையும் நோக்க வேண்டும். இத்தகைய தரவரிசைகளில் இடம்பெறும் சஞ்சிகைகள் பெரும்பாலும் வட அமெரிக்க ஆய்வு மரபைச் சார்ந்தவை. அவற்றில் வெளிவருவதே ஆய்வு என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் மெல்ல மெல்ல வேரூன்றுகிறது. எண்ணிக்கை நடுநிலையானது போலத் தோன்றும். எதை எண்ணுவது என்ற தெரிவோ ஒருபோதும் நடுநிலையானதன்று. கணக்கீடு பயின்றவருக்கு இதனை விளக்க வேண்டிய தேவையில்லை. ஐந்தொகையில் எப்பொருள் இடம்பெறும், எப்பொருள் இடம்பெறாது என்பதைத் தீர்மானிப்பதே அவர்தம் தொழிலாகும்.

2. ஆய்வில் ஈடுபட்டோருக்குரிய மூலங்கள்

ஆய்வு தொடங்கியபின் மாணவர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் கட்டுரைகளைப் பெறுதலாகும். முன்னணிச் சஞ்சிகைகளின் கட்டுரையொன்றைத் தனியே வாங்குவதற்கு முப்பது டொலர் அளவில் விலை கூறப்படுகிறது. டொலரொன்று முந்நூறு ரூபா எனக் கொண்டால் இது ஒன்பதாயிரம் ரூபாவாகும். ஓர் ஆய்வேட்டுக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் பார்வையிட வேண்டியிருக்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது சில வாரங்களிலேயே டொலரின் விலை இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றைம்பது ரூபாவைத் தாண்டியது. நாணயத்தின் வீழ்ச்சி அறிவின் விலையேற்றமாகவும் அமைந்தது என்பதை நம் மாணவர் அன்று நேரிற் கண்டனர்.

இந்நிலையிற் பயன்படக்கூடிய, சட்டத்திற்கு உட்பட்ட வழிகள் சில உள்ளன. முதலாவது, சமூக விஞ்ஞான ஆய்வு வலையமைப்பு. எஸ்.எஸ்.ஆர்.என். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இத்தளத்திற் கணக்கீட்டுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. சஞ்சிகைகளில் வெளிவருமுன் ஆய்வாளர் தம் கட்டுரை வரைவுகளை இங்கு இடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவற்றை இலவசமாகப் பெறலாம். இரண்டாவது, பல்கலைக்கழகங்களின் சொந்தக் களஞ்சியங்கள். வெளியீட்டுக்கு ஏற்கப்பட்ட கட்டுரையின் இறுதிக் கையெழுத்துப் படியை ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. கூகுள் ஸ்கொலரிற் கட்டுரைத் தலைப்பைத் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்ற பொருள்தரும் இணைப்பைத் திறந்து பார்த்தால், விலைகூறும் பக்கத்துக்குக் கீழே இலவசப் படியும் இருக்கக் காணலாம். மூன்றாவது, திறந்த அணுகல் சஞ்சிகைகள். 2002 ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனத்தின் பின் வலுப்பெற்ற இயக்கத்தின் பேறாக, 2003 முதல் திறந்த அணுகல் சஞ்சிகைகளின் விபரத்திரட்டு ஒன்று இயங்கி வருகிறது. இலங்கையின் சஞ்சிகைகளைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் தொகுப்புத் தளத்தில் வாசிக்கலாம்.

நான்காவது, ஆய்வேடுகள். முன்னோரின் ஆய்வேடுகளைப் படித்தலைவிடச் சிறந்த பயிற்சி ஆய்வு மாணவருக்கு வேறில்லை. முன்மொழிவிலிருந்து முடிவுரை வரை ஓர் ஆய்வு எவ்வாறு கட்டியெழுப்பப்படுகிறது என்பதைக் கட்டுரைகள் காட்டுவதில்லை, ஆய்வேடே காட்டும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் வகுத்த விதிகளின்படி ஆய்வேடுகளின் மின்படிகள் ஒப்படைக்கப்பட வேண்டும். அவற்றைக் கொண்ட 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வணிகவியல் ஆய்வேடுகளும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரித்தானிய ஆய்வேடுகளுக்குப் பிரித்தானிய நூலகத்தின் சேவை நெடுங்காலம் துணைநின்றது. 2023 ஒக்டோபரில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்குள்ளானபோது அச்சேவையும் நின்றுபோயிற்று. அக்காலத்தில் மாணவர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தையும் தனித்தனியே நாட வேண்டியதாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்த நமக்கு, ஒரே இடத்திற் குவிக்கப்பட்ட அறிவு எவ்வளவு எளிதிற் பறிபோகும் என்பது புதிய பாடமன்று.

ஐந்தாவது வழி மிக எளியது. கட்டுரையாசிரியருக்கு நான்கு வரியில் மரியாதையுடன் மின்னஞ்சல் எழுதிக் கேட்டல். தம் எழுத்தை ஒருவர் படிக்க விழைகிறார் என்பதை விரும்பாத ஆய்வாளர் அரியர். கூச்சத்தினால் நம் மாணவர் இவ்வழியைப் போதியளவு பயன்படுத்துவதில்லை.

3. மூலங்களின் உடைமை

மேற்கூறிய வலையமைப்பின் வரலாறு சிந்தனைக்குரியது. அதனை 1994 இல் நிறுவியோருள் ஒருவர் மைக்கல் ஜென்சன். 1976 இல் மெக்லிங் என்பாருடன் இணைந்து எழுதிய கட்டுரையினால் முகவராண்மைக் கோட்பாட்டுக்கு வலுவான வடிவம் தந்தவர் அவர். கம்பனி என்பது ஒப்பந்தங்களின் முடிச்சேயன்றி வேறன்று, முகாமையாளர் பங்குதாரரின் முகவர் என்ற அக்கோட்பாட்டில் உழைப்பாளி ஓர் ஒப்பந்தத் தரப்பாக மட்டுமே தோற்றமளிக்கிறான். சுரண்டல் என்ற கருத்துக்கு அங்கு இடமில்லை. ஆய்வாளரின் கட்டுரைகள் அன்பளிப்பாக வந்து சேர்ந்து பெருகிய அவ்வலையமைப்பை 2016 இல் எல்ஸ்வியர் என்னும் பெரும் வெளியீட்டு நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. ஆயிரக்கணக்கானோரின் கூலியற்ற கூட்டுழைப்பு தனியுடைமையாயிற்று. இவ்வாறு கூட்டுழைப்பின் பயன் தனியுடைமையாவதை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

தரவுகளின் நிலையும் இத்தகையதே. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1960 இல், மெரில் லிஞ்ச் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தின் நிதியுதவியுடன், பங்கு விலைகளைத் தொகுக்கும் நிலையமொன்று உருவாயிற்று. அதன் விலைத் தரவுகளைக் கொண்டு போல், பிரவுண் என்ற இருவர் 1968 இல் வெளியிட்ட கட்டுரை, கம்பனியின் இலாப அறிவிப்புக்கும் பங்கு விலைக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தது. அதன்பின் கணக்கீட்டு ஆய்வின் பிரதான நீரோட்டம் பங்குச் சந்தையை நோக்கித் திரும்பிற்று. தரவு எங்கிருந்ததோ அங்கு வினாவும் சென்றது. இன்று அத்தரவுத் தளங்கள் பெரும் சந்தா செலுத்தும் பல்கலைக்கழகங்களுக்கே திறந்துள்ளன. சந்தா செலுத்த இயலாத நாட்டின் மாணவர், அத்தரவின்றி அதே வினாக்களுக்கு விடை தேடுமாறு பணிக்கப்படுகிறார். விளைவாக நம் ஆய்வேடுகள் சில, பிறர் வகுத்த மாதிரியைக் கொழும்புப் பங்குச் சந்தையின் சில கம்பனிகளுக்குப் பொருத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன.

இதனாற் கொழும்புத் தரவுகள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. பட்டியற்படுத்தப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகப் பெறலாம். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய கணக்காய்வு அலுவலகம் அரச நிறுவனங்கள் மீதான அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வெளியிடப்படாதவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் எந்தக் குடிமகனும் எழுத்திற் கோரலாம். பிரதேச சபையொன்றின் வரவுசெலவை ஆராய விழையும் மாணவருக்கு இச்சட்டம் எந்தச் சந்தாத் தளத்தையும் விடப் பெறுமதியானது.

4. பிறிதொரு மரபு

கணக்கீட்டைச் சமூக உறவாக நோக்கும் மரபொன்றும் உண்டு. மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் கணக்குவைப்புப் பற்றிக் கூறுவது இங்கு நினைவுகூரத்தக்கது. உற்பத்தி சமூகமயமாகுந்தோறும் கணக்குவைப்பின் தேவை பெருகும் என்றும், முதலாளித்துவ உற்பத்தியிலும் பார்க்கக் கூட்டுற்பத்தியில் அது மேலும் இன்றியமையாததாகும் என்றும் அவர் கருதினார். 1867 இல் வெளிவந்த முதற்றொகுதியில் இந்தியக் கிராமச் சமுதாயத்தை விவரிக்குமிடத்து, பயிர்ச்செய்கைக் கணக்கை எழுதும் கணக்கனையும் அவர் மறவாது குறிப்பிடுகிறார்.

இந்நோக்கினைக் கணக்கீட்டுத் துறையினுள்ளேயே வளர்த்த சஞ்சிகைகள் உள்ளன. அன்ரனி ஹொப்வுட் 1976 இல் தொடங்கிய 'கணக்கீடு, நிறுவனங்கள், சமூகம்', 1988 இல் தொடங்கிய 'கணக்கீடு, கணக்காய்வு, பொறுப்புக்கூறல்', 1990 இல் தொடங்கிய 'கணக்கீடு பற்றிய விமர்சன நோக்குகள்' என்று அவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழிற் கூறலாம். ரொனி ரிங்கர் 1985 இல் எழுதிய நூலும், இங்கிலாந்தில் முதலாளித்துவம் தோன்றிய வரலாற்றைக் கணக்குப் புத்தகங்களின்வழி ஆராய்ந்த ரொப் பிறையரின் கட்டுரைகளும் மார்க்சிய வழிப்பட்டவை. இம்மூன்று சஞ்சிகைகளுள் இரண்டு எல்ஸ்வியரின் வெளியீடுகள் என்பது நம் காலத்தின் முரண்பாடு. மூலதனத்தை விமர்சிக்கும் கட்டுரையும் மூலதனத்தின் வாயில்வழியே வெளிவர வேண்டியுள்ளது.

இம்மரபில் இலங்கையருக்குக் குறிப்பிடத்தக்க இடமுண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றிய தந்துரே விக்கிரமசிங்க, சந்தன அலவத்தகே ஆகியோர் 2009 இல் வெளியிட்ட கட்டுரையொன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்கிறது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பேணிய பெயர்ப்பதிவும், பறித்த கொழுந்தின் நிறையும், 'அரைப் பேர்' என்ற தண்டனையும் மலையக மக்களின் வாழ்வை எவ்வாறு ஆண்டன என்பது நம் மலையக இலக்கியம் அறிந்த செய்தி. கணக்கு ஒடுக்குமுறைக் கருவியாகவும் ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புக் கருவியாகவும் அமையக்கூடும் என்பதே அத்தகைய ஆய்வுகள் தரும் தெளிவு. விக்கிரமசிங்க, ரெவர் ஹொப்பருடன் 2005 இல் எழுதிய நெசவாலை பற்றிய ஆய்வும், கெலும் ஜயசிங்கவுடன் 2011 இல் எழுதிய மீன்பிடிக் கிராமம் பற்றிய ஆய்வும் இவ்வகையின. பங்குச் சந்தைத் தரவின்றியே, ஓர் ஊரின் வாழ்வை உற்றுநோக்கி உலகத் தரமான கணக்கீட்டு ஆய்வைச் செய்யலாம் என்பதற்கு இவை சான்று.

5. கொக்கட்டிச்சோலையின் கணக்குகள்

இவ்வாறு நோக்குமிடத்து, படுவான்கரை மாணவர் தரவற்றவர் அல்லர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களுள் ஒன்று. அதன் பொறுப்பாளரை 'வண்ணக்கர்' என்பர். வண்ணக்கன் என்பது பழந்தமிழில் நாணயத்தின் தரம் ஆய்வோனைக் குறித்த சொல். வடம வண்ணக்கன் எனப் பெயர்பெற்ற சங்கப் புலவரும் உளர். நாணயம் பார்ப்பவனின் பெயர் கோயிற் பொறுப்பாளரின் பெயரானமையிற் பொறுப்புக்கூறல் பற்றிய ஒரு நீண்ட வரலாறு அடங்கியுள்ளது. குடிமுறையின் அடிப்படையிற் கோயிற் கடமைகளும் உரிமைகளும் பங்கிடப்படும் ஒழுங்கைக் கணக்கீட்டு ஆய்வாளர் ஒருவர் விரிவாக ஆராயத் தொடங்கினால், அது மானிடவியலாளரின் ஆய்வுகளிலிருந்து வேறுபட்ட வெளிச்சத்தைத் தரும்.

வயலுக்கும் கணக்குண்டு. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான உறவில், முற்பணமாகப் பெற்ற நெல்லும் பணமும் அறுவடைக் களத்திலேயே கழிக்கப்பட்டன. அவணமும் மரைக்காலும் வெறும் அளவைகள் அல்ல. உபரி எவர் கைக்குச் சென்றது என்பதன் பதிவுகள். கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகளும், இன்று பெண்களின் பெயரில் வழங்கப்படும் நுண்கடன்களின் தவணை அட்டைகளும் அதே வரலாற்றின் பிற்பகுதிகள். வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே 2018 இல் அறிவிக்க நேர்ந்தமை அக்கடன்களின் சுமையை உணர்த்தும்.

மற்றொரு கணக்கும் உண்டு. 1987 சனவரியிற் கொக்கட்டிச்சோலைப் பகுதியின் இறால் பண்ணையிற் தொழிலாளரும் பிறரும் கொல்லப்பட்டனர். 1991 சூன் 12 ஆம் நாள் மகிழடித்தீவிலும் அயலிலும் மீண்டும் படுகொலை நிகழ்ந்தது. பின்னையதை விசாரிக்கச் சனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டு, நட்டஈடும் விதந்துரைக்கப்பட்டது. இறந்தோர் எத்துணைப் பேர், ஓர் உயிரிழப்புக்கு எத்துணை ரூபா, எவர் பெயர் பட்டியலில் ஏறிற்று, எவர் பெயர் விடுபட்டது என்பன யாவும் கணக்கீட்டு வினாக்கள். ஆணைக்குழு ஏற்ற எண்ணிக்கையும் ஊரார் கூறும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பொறுப்புக்கூறல் என்பதைத் தன் பெயரிற் கொண்ட சஞ்சிகையொன்று உலகில் இருக்குமாயின், அதற்குக் கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுதவேண்டியது ஏராளம்.

இக்கணக்குகள் எந்தத் தரவுத் தளத்திலும் இல்லை. ஓலையாகவும் கொப்பியாகவும் மூத்தோர் நினைவாகவும் அவை சிதறிக் கிடக்கின்றன. 2005 இல் ஆர்வலரின் முயற்சியாகத் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பேரளவில் மின்னாவணமாக்கி எவருக்கும் இலவசமாக வழங்குகிறது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' முதலிய ஆண்டு மலர்களை இன்று நாம் வாசிக்கக் கூடியதாயிருப்பது அதன் பயனே. அரச நிதியையோ பெரும் வெளியீட்டகத்தையோ எதிர்பாராது, உடைமையைப் பொதுவில் வைத்து இதனைச் செய்யலாம் என்பதை அது நிறுவியுள்ளது. கணக்கு ஆவணங்களுக்கும் இத்தகைய முயற்சி வேண்டும். கோயிற் பொறுப்பாளரின், சங்கத்தாரின், குடும்பத்தாரின் இசைவின்றி எதனையும் வெளியிடலாகாது. கடன்பட்டோரின் பெயர்களை மறைத்தல் வேண்டும். அவ்விசைவைப் பெறுதற்கு ஊராரின் நம்பிக்கையைப் பெற்றிருத்தல் இன்றியமையாதது. அந்நம்பிக்கை வெளியாரினும் ஊர்ப் பிள்ளைக்கே எளிதிற் கிட்டும்.

முடிவாக, ஆய்வை நாடும் மாணவர் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறலாம். துறைத் தளங்களையும் தரவரிசைகளையும் கொண்டு மேற்பார்வையாளரைக் கண்டறிக. ஆனால் தரவரிசை தம் வினாவைத் தெரிவு செய்ய இடமளியாதிருக்க. களஞ்சியங்களில் இரண்டு ஆய்வேடுகளையேனும் முழுமையாகப் படித்தபின்னரே முன்மொழிவை எழுதுக. தம் ஊரின் கணக்கொன்றை அம்முன்மொழிவின் மையமாக்குக. எழுதியதை இலவசக் களஞ்சியமொன்றில் வைப்பதுடன், அதன் சாரத்தைத் தமிழில் எழுதி ஊருக்கும் தருக. உயர்தர வகுப்பிற் பேரேடு, ஐந்தொகை என்று தமிழிற் கற்ற துறையை, ஆய்வு நிலையில் ஆங்கிலத்துக்கு மட்டுமே விட்டுவிடுவது, கணக்கனுக்கும் உழவனுக்கும் இடையே பண்டுதொட்டு நிலவிய இடைவெளியைப் புதிய வடிவில் நிலைநிறுத்துவதாகும். அவ்விடைவெளியைக் குறைக்கும் பொறுப்பு தமிழ்ச் சங்கங்களுக்கும் உண்டு. ஆய்வு மாணவரின் தமிழ்ச் சுருக்கங்களுக்கு நம் சஞ்சிகைகளிற் பக்கம் ஒதுக்குவதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.